காற்றுப்புகாத டின்னில் என் பிஸ்கட்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், தேயிலையைக் காயவைக்கும் டிரையரின் வாயில் ஈரம் பார்க்கும் மீட்டரைப் பொருத்திய மூன்றாம் நாளே நான் அதைக் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட்டேன். கன்வேயரில் ஓடும் தூளின் மேல் ஒளியைப் பாய்ச்சி, ஈரம் மூன்று சதவீதம் என்றது மீட்டர். அதே தூளை லேப் அடுப்பில் காயவைத்து நிறுத்துப் பார்த்தால் நான்கு தசம் இரண்டு, அதாவது 4.2. லேப் பொய் சொல்லுமா? லேபில் இருப்பது நானல்லவா! மீட்டரில் ஒன்று தசம் இரண்டைக் கூட்டிவைத்தேன். தொழில்மொழியில் இதற்குக் கலிபிரேஷன் என்று பெயர்.

டிரையரைப் பார்த்துக்கொண்டவர் செபமாலை. மீட்டர் மூன்று காட்ட வேண்டும் என்பது கட்டளை; இப்போது அது நான்கு தசம் இரண்டு காட்ட, அவரும் சூட்டை ஏற்றினார். ஒரே வாரத்தில் தேநீரில் தீய்ந்த வாடை.

தோட்ட நிர்வாகியான பெரிய துரை கோப்பையை வைத்துவிட்டுக் கத்தினார். "என்னப்பா இது, தேயிலையா அடுப்புக்கரியா? நாளையிலேருந்து செபமாலை விறகு அடுக்கட்டும்!"

"மீட்டரு சொன்னபடிதானுங்க தொரை செஞ்சேன்," என்றார் செபமாலை.

துரை என்னைப் பார்த்தார். "மீட்டரை லேபோட சரிபார்த்தாச்சு சேர்," என்றேன். பதினெட்டு வருஷம் டிரையரில் நின்ற மனிதரை ஒரே வாக்கியத்தில் விறகுக்கு அனுப்பிய பெருமை எனக்கே.

அன்று பின்னேரம் அவர் லேபுக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று பயந்து, கிறீம் கிறேக்கர் பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டினேன். ஒன்றைக் கடித்தார்.

"மொறுமொறுன்னு இருக்குங்கய்யா. இந்தப் பனியில எப்புடி?"

"டின்ன இறுக்கி மூடிருவேன்ல."

"அப்ப தேயிலைய மட்டும் ஏங்கய்யா சாஸர்ல தொறந்து கொண்டாறீங்க? முற்றத்தத் தாண்டி வர்றீங்க, கென்டீன்ல நின்னு வடை வேற சாப்புடுறீங்க. அது பனியக் குடிக்காதா?"

டின்னிலிருந்த பிஸ்கட்டையெல்லாம் மேசையில் கொட்டினேன்.

உடனே ஒரு சாம்பிளை இரண்டாகப் பிரித்தோம். பாதி டின்னில், பாதி சாஸரில், வழக்கமான பாதையில், வடை உட்பட. லேப் அடுப்பில் சாஸர் மூன்று தசம் ஒன்று. டின் ஒன்று தசம் ஒன்பது. மீட்டர் காட்டிய மூன்றில் நான் கூட்டியதைக் கழித்தால் ஒன்று தசம் எட்டு. மீட்டர் முதல் நாளிலிருந்தே சரி.

துரையின் வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே போனேன். "பிழை என்னோடது சேர். செபமாலைய டிரையர்லயே விடுங்க."

"அப்ப விறகை நீ அடுக்குறியா?" என்றவர், நல்லவேளை, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செபமாலை டிரையரிலேயே நின்றார்.

புதிதாக வரும் இன்ஸ்ட்ரூமென்ட் பிள்ளைகளுக்கு: மீட்டரைத் திருகுமுன், சாம்பிள் வந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். கையில் வடை வேண்டாம்.

அந்த டின் இப்போது சாம்பிளுக்கு. என் பிஸ்கட் சாஸரில். டின்னைக் கொண்டுவரும்போதெல்லாம் செபமாலை ஒரு பிஸ்கட்டை எடுத்து, வளைத்துப் பார்த்து, முகத்தை மாற்றாமல் சொல்கிறார்: "நாலு தசம் ரெண்டுங்கய்யா."