இறங்கியவரும் இறக்கப்பட்டவரும்

ருவான்வெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் காத்தமுத்து நெடுங்காலம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தார். பொலிஸில் சிங்களத்தில் வாதாடி ஆட்களை மீட்டு வந்தவர். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பெனியின் கைக்குப் போனது. தோட்டத்தை நிர்வகிக்க வந்த புதிய துரை அவரைப் பங்களாவுக்குள் அழைத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அதுவரை எந்தத் துரையும் அவரை வாசலைத் தாண்ட விட்டதில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ ரப்பர் பால் கூடுதலாக வெட்ட வேண்டும் என்றார் துரை. யாரையும் கேட்காமல் காத்தமுத்து தலையாட்டிவிட்டார். அதன்பின் பால் குறைந்தவர்களுக்கு அரைநாள் சம்பளம்தான். பெண்கள் கொதித்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லி நீங்களே எறங்கிடுங்க," என்றாள் மனைவி ஜெயம்மா.

"நான் எறங்குனா இவங்களுக்கு யாரு பேசுவா?"

கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடியது. முதலில் எழுந்தது விஜயகலா, அவருடைய தம்பி மகள். தகப்பன் இறந்தபின் அவர்தான் அவளை வளர்த்தார்.

"எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா பெரியப்பா?"

"ஒனக்குச் சோறு போட்டவன்டி நான்!" என்று கத்தினார்.

அவள் அழுதாள். ஆனால் உட்காரவில்லை. அவரை இறக்கக் கைகள் உயர்ந்தன, அவளே தலைவியானாள்.

மறுநாள் கடைவீதியில், தேநீர்க்கடை ஹலீம் வழக்கம்போல், "வாங்க தலைவரே" என்றார்.

"இல்லீங்க முதலாளி, நான் எறங்கிட்டேன்."

பக்கத்து பெஞ்சில் இருந்த பால்வெட்டும் வேலுசாமி நிமிர்ந்தான். "எறங்கலீங்க. நாங்க எறக்கிட்டோம்."

ஓர் எழுத்துதான் வித்தியாசம். தானாக இறங்கியவரை வீடுவரை கூட்டிவர ஆளிருக்கும். இறக்கப்பட்டவர் தனியாக நடக்க வேண்டும். காத்தமுத்து தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார்.

அந்த வாரம் வேலைநிறுத்தம். அவரும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். யாரும் விரட்டவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. முடிவில் துரை ஒரு கிலோவை விட்டுக்கொடுத்தார்.

பதவி போனதை மெல்ல மறந்தார். சோற்றைச் சொல்லிக் காட்டியதுதான் அறுத்தது. மன்னிப்புக் கேட்க ஒருநாள், விஜயகலா தன் தாயோடு இருந்த வீட்டுக்குப் போனார். அவள் சங்க வேலையாகக் கேகாலைக்குப் போயிருந்தாள். திரும்பியவருக்கு இன்னொரு முறை போகத் துணிவு வரவில்லை.

கல்யாணமாகி அவள் மாவனல்லைப் பக்கம் போன அன்று, பையை பஸ்ஸில் ஏற்றிக் கொடுத்தார்.

"வரேன் பெரியப்பா."

"பத்தரமா போம்மா," என்றார். பஸ் கிளம்பிவிட்டது.