ஐந்து கள்ளன்மாரும் ஒரு கல்லும்

அண்ணனுக்கு அழகான முகம் வரைய வராது. எங்கள் படக்கதையில் கதாநாயகனே இல்லாமல் போனதற்கு அது ஒன்றுதான் காரணம். ராஜகுமாரனை வரைந்தால் பல்வலி கண்டவனைப் போல வருவான். ராஜகுமாரிக்குக் கண் இரண்டும் இரண்டு அளவில் நிற்கும். ஆனால் காது அறுந்தவன், மூக்கு வளைந்தவன், முழி பிதுங்கியவன் என்றால் அவன் பென்சில் தானாக ஓடும். இன்னொன்று, கண்ணால் பார்த்ததை மட்டுமே அவன் வரைவான். கோட்டை வேண்டும் என்றால் பாறசாலைச் சந்தையின் மதில். ஆறு வேண்டும் என்றால் எங்கள் வீட்டுக்குத் தெற்கே ஓடும் ஓடையும் அதன் மேல் கிடக்கும் தென்னந்தடிப் பாலமும். அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று, எனக்குப் பதினொன்று. வரைவது அவன், கதையும் எழுத்தும் நான்.

சித்தப்பா நடத்திய வாசகசாலையில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ், இதழுக்கு ஒரே ஒரு பிரதி. அது முப்பத்தாறு வீடுகளுக்கு வரிசையாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு பகல், ஓர் இரவு. மறுநாள் காலை அடுத்த வீடு. கடைசியில் நாலு வெள்ளைத் தாள்கள் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். அபிப்பிராயத் தாள் என்று பெயர். படித்தவர்கள் மனதில் பட்டதை அதில் எழுதுவார்கள். தமிழ் வீட்டார் தமிழில், மலையாள வீட்டார் மலையாளத்தில். அந்தத் தாளில் பத்திராதிபர் மட்டும் எழுதக்கூடாது. கட்டுரைகளைத் திருத்துகிற தன் நீலப் பென்சில் அபிப்பிராயத் தாளுக்கு முன்னால் நின்றுவிட வேண்டும் என்று சித்தப்பாவே போட்ட சட்டம் அது.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலமும் கடையடைப்புமாக இருந்தது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்பகுதி எந்தப் பக்கம் போகும் என்பதுதான் எல்லோர் வாயிலும். சித்தப்பா அந்தக் கூட்டங்களில் பேசுகிறவர். இரண்டு முறை போலீஸ் அவரைக் கொண்டுபோய் இரண்டு முறை விட்டது. பத்திரிகையில் பாதி அவர் எழுதும் எல்லைக் கட்டுரையாக இருக்கும். மீதியில் எட்டுப் பக்கத்தை எங்களுக்குக் கொடுத்தார்.

முதல் இதழில் ஐந்து கள்ளன்மாரும் வந்தார்கள். ஒற்றைக்காதன், பொய்ச்சாமியார், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிப் பிடிகொடுக்காத எண்ணெய்க்காரன், எந்தப் பூட்டையும் கொண்டை ஊசியால் திறக்கும் பூட்டுக்காரி, காவலுக்கு நிறுத்தினால் தூங்கிவிடும் உறங்கான். உறங்காதவன் என்று பட்டம் கொடுத்தது நான்தான். அந்த வயதில் அது பெரிய நகைச்சுவை. ராணியின் மோதிரம் மலைக்கு அப்பால் போய்விடுகிறது. நல்ல வீரர்கள் எவரும் போகத் துணியாததால் ராஜா சிறையைத் திறந்து இந்த ஐவரையும் அனுப்புகிறார். வழி முழுக்க ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிறார்கள். தென்னந்தடிப் பாலத்தில் எண்ணெய்க்காரன் சாமியாரைத் தள்ளிவிடுகிறான். தள்ளிய வேகத்தில் தானும் வழுக்கி விழுகிறான்.

இதழ் சுற்றி வந்தபோது முப்பத்தொரு அபிப்பிராயங்கள் இருந்தன. இருபத்தெட்டு எங்கள் கதைக்கு. ஓட்டுவீட்டு சார், மலையாளப் பள்ளியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அவரும் நாலு வரி எழுதியிருந்தார். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் நகல் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது இதழுக்கு முன் சித்தப்பா எங்களைக் கூப்பிட்டார். கோபமாக அல்ல.

"எளுதுனது கொள்ளாம் மக்கா. ஆனா கள்ளனப் பாத்து சிரிச்சிட்டு மூடி வச்சா, நாட்டுக்கு என்ன கிட்டும்? அவனுவ திருந்தண்டாமா?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் அந்தத் திருந்தல் வசனத்தை நான் மிகவும் ரசித்தே எழுதினேன். இரண்டாம் பக்கத்தில் ஐவரும் ராஜாவின் காலில் விழுந்து அழுதார்கள். மூன்றாம் பக்கத்தில் தாய்மண் பற்றிப் பேசினார்கள். நாலாம் பக்கம் தொடங்கி எட்டுவரை கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். சித்தப்பா நீலப் பென்சிலால் ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. அதைப் பெரிய வெற்றியாக நினைத்துக்கொண்டேன்.

அந்த இதழ் பதினான்கு நாள் முன்னதாகவே திரும்பி வந்துவிட்டது. பல வீடுகளில் ஒரு பகல்கூடத் தங்கவில்லை. ஓட்டுவீட்டு சார் வாசலில் நின்றே புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாராம். மொத்தம் ஒன்பது அபிப்பிராயங்கள். அதில் ஒன்றை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்: "போன இதழில் பார்த்த ஐந்து கள்ளன்மாரைக் காணவில்லை. கண்டவர்கள் வாசகசாலையில் சேர்ப்பிக்கவும்."

சித்தப்பா கணக்கில் சரியான மனிதர். தான் சொல்லித்தான் மாற்றினோம் என்பதை அவர் மறக்கவில்லை. ஆனால் எட்டுப் பக்கம் என்பது பெரிய இடம். எல்லைக் கட்டுரைக்குத் தாள் போதவில்லை. இன்னும் ஒரே ஓர் இதழ் பார்ப்போம், அதுவும் இப்படிப் போனால் படக்கதையை நிறுத்திவிடலாம் என்றார். அண்ணன் இப்போதே நிறுத்தலாம் என்றான். எனக்கு விட மனமில்லை. அந்த எட்டுப் பக்கத்தைத் தவிர என்னுடையது என்று சொல்ல அந்த வீட்டில் எதுவும் இருக்கவில்லை.

ஓடைக்குத் தெற்கே அத்தை வீடு. அப்பாவுடைய அக்கா. எழுத்துப் படிக்கத் தெரியாது. படங்களை மட்டும் பார்ப்பாள். எங்கள் இரண்டு இதழையும் அவளுக்குக் காட்டினேன். முதலாவதை ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தவள், இரண்டாவதைச் சுளகில் கிடந்த பயறைப் பார்ப்பதுபோல ஒரே பார்வையில் முடித்துவிட்டாள்.

"இதுல அஞ்சு பேருக்கும் ஒரே மொகமாக்கும்" என்றாள்.

இல்லை, அண்ணன் அதே மாதிரித்தான் வரைந்திருக்கிறான் என்றேன்.

"மூக்கும் காதும் வேற. மொகம் ஒண்ணு. பாலத்துல தள்ளி விட்டானே ஒரு எண்ணக்காரன், அவன் எங்க?"

"அவன் திருந்தியாச்சு அத்தே."

"திருந்துனா நல்லதுதான். நல்லா இருக்கட்டும். பெறகு எனக்கு என்னத்துக்கு அவன்?"

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவன் உடனே எதிர்ப்பக்கம் பாய்ந்தான். கெட்டவர்களாகவே வேண்டுமா, இந்தா என்று ஒரே சாயங்காலத்தில் நாலு பக்கம் வரைந்தான். ஐவரும் ஒரு குடிசைக்குத் தீ வைக்கிறார்கள். ஒரு கிழவியின் காதுப் பாம்படத்தைப் பிய்க்கிறார்கள். மறுநாள் அதையும் அத்தையிடம் கொண்டுபோனேன். இரண்டாவது கட்டத்திலேயே தாளைத் தள்ளி வைத்தாள். அவள் கை தன் காதுக்குப் போனதை மட்டும் கவனித்தேன்.

அன்று குறிப்பேட்டில் வழக்கமான இரண்டு வரிக்குப் பதில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். பதினொரு வயதுப் பிள்ளையின் எழுத்துதான், ஆனாலும் இன்று வாசிக்கையில் எனக்கு வெட்கமாக இல்லை. கள்ளனை நல்லவனாக்கினால் அவன் போய்விடுகிறான், அரக்கனாக்கினால் பார்க்கிறவர் போய்விடுகிறார் என்று அதில் இருக்கிறது. பாலத்தில் தள்ளியவன் தானும் வழுக்கி விழுந்ததால்தான் எல்லோரும் சிரித்தார்கள் என்றும் இருக்கிறது. ஐந்து பேருக்கும் ஐந்து ஆசை வேண்டும். ஒருவன் ஆசைக்கு மற்ற நாலு பேரும் தடையாக இருக்க வேண்டும். அவர்கள் செய்வது கடைசியில் நல்லதாக முடிந்தால் அதில் அவர்களுக்கே எரிச்சல் வர வேண்டும். இதை எழுதிவிட்டுக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

மூன்றாவது கதையைத் தேடி நான் எங்கும் போகவில்லை. ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. காலையில் பால் கொண்டுவருகிறவர் எல்லை நெய்யாற்றில் வருகிறது என்பார். மத்தியானம் தபால்காரர் இல்லை, களியக்காவிளையில் என்பார். சாயங்காலம் யாரோ எங்கோ கல் நட்டதைப் பார்த்த ஒருவரைப் பார்த்ததாக இன்னொருவர் சொல்வார்.

எங்கள் கதையில் இரண்டு ராஜாக்கள். நடுவில் ஓர் எல்லைக்கல். அதை அந்தப் பக்கம் நகர்த்த ஒரு ராஜா ஐந்து கள்ளன்மாரை அனுப்புகிறார். இந்தப் பக்கம் நகர்த்த மற்ற ராஜாவும் அதே ஐவரையே அனுப்புகிறார். இரண்டு பேரிடமும் சரி என்கிறார்கள். கல்லைத் தூக்கிய பிறகுதான் தகராறு. ஒரு பலாமரம் தன் பக்கம் வரும்வரை இறக்கமாட்டேன் என்கிறான் ஒற்றைக்காதன். இரண்டு ராஜ்யத்துத் திருவிழாச் சோறும் கைக்கெட்டும் இடத்தில் வை என்கிறார் சாமியார். இந்த ராஜ்யத்துப் போலீஸ் துரத்தினால் ஒரே தாவலில் அந்த ராஜ்யத்தில் நிற்க வேண்டும் எண்ணெய்க்காரனுக்கு. பூட்டுக்காரிக்கு ஒரே ஒரு நிபந்தனை, மாமியார் வேறு நாட்டுக்குப் போய்விட வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க, கல் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. கல்லைக் காணாமல் இரண்டு படையும் புறப்படுகின்றன. சண்டை வந்தால் ஜனங்கள் சாமான்களோடு ஓடிவிடுவார்கள், பிறகு திருட என்ன இருக்கும் என்று கள்ளன்மார் பதறுகிறார்கள். இரண்டு படைக்கும் தப்பான வழியைக் காட்டிவிடுகிறார்கள். சண்டை நடக்கவில்லை. கூலியும் கிடைக்கவில்லை. நாலு பேரும் தலையில் அடித்துக்கொள்கையில், கல்லைத் தலைக்கு வைத்து உறங்கான் படுத்துவிடுகிறான். அவனை எழுப்ப யாராலும் முடியாததால் கல் அங்கேயே நிற்கிறது. கடைசிக் கட்டத்தில் அண்ணன் வரைந்தது வழக்கம்போல எங்கள் ஓடையும் தென்னந்தடிப் பாலமும். அந்த ஓடைக்கரையில் கல்.

சித்தப்பா நின்றபடியே வாசித்தார். நீலப் பென்சில் காதில் இருந்தது. மாமியார் கட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தார். கடைசிக் கட்டத்தை மட்டும் சற்று அதிக நேரம் பார்த்தார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சிலை எடுக்கவில்லை.

"இதுல நான் கை வைக்கல மக்கா. இப்பிடியே போவட்டும்" என்று தையலுக்குக் கொடுத்துவிட்டார்.

இதழ் திரும்ப வேண்டிய நாளில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நாளுக்கு ஒரு வீடு என்ற சட்டம் மூன்றாம் வீட்டிலேயே உடைந்துபோயிருந்தது. ஒரு வீட்டுக்காரர் அதைக் காரோடு என்ற ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வீடுவரை கொண்டுபோயிருந்தார். ஓட்டுவீட்டு சார் மூன்று நாள் வைத்துக்கொண்டார். வரிசையில் இல்லாத வீடுகளிலும் கேட்டு வாங்கிப் படித்தார்கள். காட்டாக்கடைச் சந்தையில் எண்ணெய்க்காரனைப் பற்றிப் பேச்சு நடந்ததாகத் தபால்காரர் சொன்னபோது அண்ணன் என் முதுகில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

பதினொரு நாள் பிந்தி அது வந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, நடுவே மிளகாய்ப் பொடி. அபிப்பிராயத் தாள் போதாமல் யாரோ மூன்று தாள்களை நூலால் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வாசகசாலை நிறைந்திருக்க, சித்தப்பா எங்களை பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்தி, ஒவ்வொன்றாக வாசித்தார். தமிழிலும் மலையாளத்திலும் முப்பத்தாறு வீட்டுக்கு ஐம்பத்திரண்டு அபிப்பிராயங்கள். ஒற்றைக்காதனுக்குப் பலாமரத்தைக் கொடுத்துவிடும்படி மூன்று பேர் சிபாரிசு செய்திருந்தார்கள். பூட்டுக்காரியின் மாமியார் தரப்பில் ஒருத்தி சண்டைக்கு வந்திருந்தாள். ஓட்டுவீட்டு சார் எழுதியிருந்ததைச் சித்தப்பா மலையாளத்திலேயே உரக்கப் படித்தார்: "ஈ கள்ளன்மாரெ எனிக்கு இஷ்டப்பெட்டு." ஆமாம், பிடித்துத்தான் போயிற்று என்பதுபோல, வாசல் பக்கம் நின்றிருந்த சார் தலையை ஆட்டினார். ஊர்வலத்துக்கு எதிரே நின்றவரும் ஊர்வலத்தில் போனவரும் ஒரே இடத்தில் கைதட்டியதை அந்த வருஷங்களில் நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். எங்கள் எட்டுப் பக்கம் பன்னிரண்டாயிற்று.

இரண்டு நாள் கழித்து, நகல் எடுக்க இதழைக் கேட்டு வாங்கினேன். கடைசித் தாளின் அடியில் ஒரு வரி புதிதாக இருந்தது. பெயர் போடவில்லை.

"கல்லை இன்னும் கொஞ்சம் வடக்கே வைத்திருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. ஐம்பத்திரண்டு பேர் மெச்சியதில் இவருக்கு மட்டும் என்ன குறை? வடக்கே வைத்தால் ஓடை ஏது, பாலம் ஏது? எந்த வீட்டுக்காரர் இது என்று அண்ணனும் நானும் முப்பத்தாறு வீட்டையும் சந்தேகப்பட்டோம். சட்டம் தெரிந்த பிள்ளைகள் ஆதலால் முப்பத்தேழாவதாக ஒருவரை நினைக்கவேயில்லை. மையைத் தொட்டு, அந்த வரிக்குக் கீழே அழகாக ஒரு பதில் எழுதினேன். குறிப்பேட்டிலும் அன்றைய கணக்கை எழுதி வைத்தேன்: "பாராட்டு ஐம்பத்திரண்டு. குறை ஒன்று, நீலப் பென்சிலில்."

பிறகு நிஜமான எல்லைக்கோடு வந்தது, எங்கள் ஓடை வழியாகவே. அத்தை வீடு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. அங்கே சந்தோஷத்தில் வெடி போட்டார்கள். எங்கள் வீட்டில் நின்றே சத்தம் கேட்டது. எங்கள் வீடும் வாசகசாலையும் இந்தப் பக்கம் நின்றுவிட்டன. சித்தப்பா தென்னந்தடிப் பாலம்வரை போய், அதில் ஏறாமல் திரும்பி வந்தார். அவருக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

அந்த இதழ் இப்போது என் மேஜையில் இருக்கிறது. நீல வரி மங்கிவிட்டது. சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். தானே போட்ட சட்டத்தை மீறி, மேடையில் கேட்டும் கிடைக்காத ஒன்றை, அவர் எங்கள் ஐந்து கள்ளன்மாரிடம் கேட்டிருக்கிறார். ஐம்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் ஒருவர்தான் அந்தக் கள்ளன்மாரை முழுக்க நம்பியவர். அந்த வரிக்குக் கீழே என் பதில், நல்ல கறுப்பு மையில், கொஞ்சமும் மங்காமல் இருக்கிறது: "கள்ளன்மாருக்குத் திசை தெரியாது."