மனைவி பெயரில் எழுதிய படிவம்

ஓசூர் ஆலை ஒன்றில் பிறர் படிவங்களில் பிழை கண்டுபிடித்தே ஓய்வுபெற்றவன் நான். அதன்பின் காரணமில்லாத பயமும் படபடப்பும் வந்தன. இதயத்தில் கோளாறில்லை, மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றார் மருத்துவர். கௌரவம் தடுத்தது. பொதுப் பரிசோதனை என்று மனைவியைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப்போய், ஆலோசகர் தந்த படிவத்தில் என் தொல்லைகளை அவள் பெயரில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வைத்தியத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாமென்று திட்டம்.

“எப்பம்மா படபடன்னு வருது?” என்றார் ஆலோசகர்.

மனைவி படிவத்தை வாங்கிப் படித்தாள்.

“எல்லாம் சரிதாங்க மேடம், பேரு மட்டும் தப்பு. பஸ் லேட்டானாலே இவருக்குத்தான் வேர்த்துக் கொட்டுது,” என்றாள். என்னிடம், “நீங்களே சொல்லுங்க, நான் வெளிய இருக்கறேன்,” என்று எழுந்தாள்.

“போகாத, இரு,” என்று கெஞ்சினேன். உட்கார்ந்தாள்.

சில மாத ஆலோசனையில் படபடப்பு தணிந்துவிட்டது. அவளை நோயாளியாக எழுதியதை நினைத்தால் மட்டும் இன்றும் உடம்பு கூசுகிறது.