சைரன் ஊதினால் வெளியே வரும் ஊர்

எங்கள் ஊரில் சைரன் ஊதினால் ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வருவார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டும் என்பதுதான் விதி. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் படம் போட்டே எழுதியிருக்கிறது: உள்ளே போ, ஜன்னலை மூடு, ஈரத்துணியால் மூக்கைப் பொத்து, சொல்லும்வரை வெளியே வராதே. ஆனால் அணு உலை விபத்துக்கான ஒத்திகை நாளில் நடப்பது என்ன? சைரன் ஊதிய கொஞ்ச நேரத்தில் பஸ் வரும். ஏறினால் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்கள். வெள்ளை அங்கி போட்டவர்கள் ஏதோ ஒரு கருவியைத் தலையிலிருந்து கால்வரை காட்டுவார்கள். புளிசாதப் பொட்டலம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். முந்தி ஏறியவர்களுக்கு ஜன்னலோர சீட்டு. இப்படியே பழக்கினால் ஜனம் எதைக் கற்றுக்கொள்ளும்? சைரன் கேட்டால் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடத்தான் கற்றுக்கொள்ளும்.

இதை நான் வாய்விட்டுச் சொன்னதிலிருந்து ஊரில் எனக்குப் பேர் 'பேஜாரு', தொல்லை பிடித்தவள். பேரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் கவலை வீட்டுக்குள் கட்டிலில் கிடந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். ரோட்டில் நின்றால் அணு உலையின் புகைபோக்கி தெரியும். என் கணவர் கொத்தனார். ஓட்டல் கட்டடம் ஒன்றில் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆள் நல்ல கனம். அவரைத் திருப்பிப் படுக்கவைக்கவே எனக்கு மூச்சு வாங்கும். நான் வேறொரு ஓட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலைக்குப் போகிறேன், மத்தியான ஷிப்ட். உலையில் ஏதாவது ஆகிவிட்டால் இவரை யார் தூக்குவார்கள் என்பது ஒன்றுதான் என் கேள்வி. பெரிய விஞ்ஞானம் எல்லாம் நான் கேட்கவில்லை.

அவர் விழுந்த பிறகு வந்த முதல் ஒத்திகையில், பஸ் பக்கத்தில் பட்டியலோடு நின்ற அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"சார், எங்க வூட்டுக்காரர் நடக்க மாட்டாரு. அவர எதுல ஏத்துவீங்க?"

"நெஜமா வந்தா ஆம்புலன்ஸ் வரும்மா."

"வரலைன்னா?"

"அம்மா, அந்த மாதிரி எதுவுமே வராது. பயப்படாம ஏறுங்க."

சொல்லிக்கொண்டே பட்டியலில் டிக் அடித்தார். எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு நம்பருக்கு நேராக இரண்டு பேர், இரண்டு டிக். "மனுசன் உள்ள படுத்துகினு கீறாரு, நீ ஏத்திட்டேன்னு எழுதறியே!" என்று கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "ஒத்திகைதானேம்மா" என்றார். அன்று நான் பஸ்ஸில் ஏறவில்லை. ஆனால் அவர் கணக்கில் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போய்ப் பத்திரமாகத் திரும்பியிருக்கிறோம்.

அன்று என் கையைப் பிடித்து இழுத்து வந்தது எதிர்வீட்டு மீன்கார அக்கா. அலுமினிய அன்னக்கூடையில் மீன் வைத்து எங்கள் தெருவிலும், ரோட்டில் நிற்கும் கார்க்காரர்களிடமும் விற்கிறவள். அவள் தொண்டையைத் தாண்டி யாரும் பேசிவிட முடியாது.

"இன்னாமே நீ, ரோட்ல நின்னு கத்திகினு? வெளியூருக்காரன் காதுல வுழுந்தா எங்கிட்ட மீனு வாங்குவானா? நாள பின்ன நம்ம ஊர்ல பொண்ணு எடுப்பானா? ஒண்ணும் ஆவாது, வா."

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் பிழைப்பு அது. பாதி ஊருக்கு உலைக்குள் ஏதாவது ஒரு வேலை, மீதி ஊருக்குக் கடல். இரண்டு பேருக்குமே 'ஒண்ணும் ஆவாது' என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்குச் சந்தேகமெல்லாம் என் தம்பி மேல்தான். உலையிலேயே நிரந்தர வேலை அவனுக்கு. ஞாயிறானால் கறி வாங்கிக்கொண்டு வருவான், மாமாவுக்கு முகச்சவரம் செய்துவிடுவான். நான் பேச்சை எடுத்தால் சிரிப்பான்.

"யக்கா, நான் டெய்லி உள்ள போயிட்டு வரேன். எனக்கு இன்னா ஆச்சு? ரோட்ல லாரி அடிச்சுச் சாவறவன் எத்தினி பேரு! அத்த நெனச்சு நீ பயப்படறியா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை தைரியம் பேசியவன் வீடு கட்டியது எங்கே தெரியுமா? கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே, படாளத்தில். தினமும் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறான். ஏனடா என்றால், "புள்ளைங்களுக்குக் காத்து நல்லா இருக்கும்க்கா" என்றான்.

"இங்க காத்துக்கு இன்னாடா கொற? கடக் காத்து!"

அவன் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். என் கணவர் கண்ணால் என்னை அடக்கினார். நான் அதற்கப்புறம் அவன் சொன்ன எதையும் நம்பவில்லை. தூக்கிவளர்த்த தம்பியை நம்பாமல் இருப்பது லேசில்லை. அவன் வாங்கிவந்த கறியைச் சமைக்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வரும். வெங்காயம் என்று சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும், சைரன் ஊதியது. ஒத்திகைக்கு முன்னால் மைக் கட்டிய ஜீப் வந்து சொல்லும். அன்று எதுவும் வரவில்லை. கதவையும் ஜன்னல்களையும் சாத்தினேன். கதவின் கீழ் இடுக்கில் ஈரப் புடவையைத் திணித்தேன். துண்டை நனைத்து அவர் மூக்கில் கட்டினேன். வெளியே ஒரே கலகலப்பு. ஊர் முழுக்கப் பையோடு ரோட்டில் நின்றது. கதவைத் தட்டிய மீன்கார அக்கா, "ம்மே! பஸ்சு வரப்போவுது, சீட்டு புடி!" என்று கூப்பிட்டாள். 'பாவி, உள்ளே போடி' என்று கத்த நினைத்தேன். கதவைத் திறக்காமல் இடுக்கில் புடவையை இன்னும் அழுத்தித் திணித்தேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

துண்டுக்குள்ளிருந்து அவர் சொன்னார். "ந்தா, பஸ் வந்தா நீ ஏறு. நான் இருந்துக்கறேன்."

"வாய மூடுய்யா" என்றேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

பஸ் வரவில்லை. அரைமணி கழித்து யாரோ கதவை இடித்தார்கள். தம்பியின் குரல். திறந்தேன். முகத்தில் ஈரக் கைக்குட்டை கட்டியிருந்தான். கார் டிக்கி திறந்து கிடந்தது. "மாமாவத் தூக்குக்கா, சீக்கிரம்" என்றான். அன்று அவனுக்கு லீவாம். திருக்கழுக்குன்றத்தில் ஏதோ வேலையாக இருந்தவனுக்கு யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் வெளியே போகிற பக்கம் போகாமல், அவன் கடலைப் பார்த்து வந்திருக்கிறான்.

அந்த நேரம் பார்த்து மைக் ஜீப் வந்தது. புதிய சைரன் பொருத்தி ஊதிப் பார்த்தார்களாம், யாரும் பதற வேண்டாமாம். ரோட்டில் நின்ற ஜனம் பொட்டலம் இல்லை என்ற ஏமாற்றத்தில் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. தம்பி கைக்குட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் திணித்தான். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பான்.

டிக்கிக்குள் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தூக்குவார்களே, அந்த மாதிரி மடக்கு ஸ்ட்ரெச்சர். மேலே தூசி படிந்திருந்தது.

"எப்பலேர்ந்துடா வெச்சினு கீற?"

தலையைக் குனிந்துகொண்டான். "மாமா வுழுந்ததுலேர்ந்து."

எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. ஒவ்வொரு ஞாயிறும் என் எதிரில் உட்கார்ந்து சிரித்தபோதெல்லாம் இது வாசலில் நின்ற காருக்குள் இருந்திருக்கிறது. என் பயம் பைத்தியக்காரப் பயம் என்றே சில ராத்திரி நானே நினைத்ததுண்டு. இப்போது அந்த ஆறுதலும் போய்விட்டது.

மீன்கார அக்கா காலிப் பையோடு வந்து நின்றாள். "இன்னா தம்பி இது?"

"ஆபீஸ் சாமான்" என்றான். அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

யாரும் இல்லாதபோது அதை உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "நான் எப்பவும் வர முடியாதுக்கா. இங்கியே இருக்கட்டும். நான் குடுத்தேன்னு மட்டும் யாராண்டயும் சொல்லாத" என்றான். சொல்லவில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சருக்கு இரண்டு பக்கம். தலைமாட்டை நான் பிடிப்பேன். கால்மாட்டுக்கு ஆள்?

நாலு நாள் கழித்து, நான் வேலைக்குக் கிளம்பும் முன்னால் மீன்கார அக்கா வந்தாள். கூடையை வாசலில் வைத்தாள், உள்ளே வந்து கதவைத் தாழ்போட்டாள்.

"அத்த எடு." 

"எத்த?"

"நடிக்காதமே. கட்டிலாண்ட கீதே, அது. எப்படிப் புடிக்கணும்னு காட்டு."

காட்டினேன். அவரை அதில் உருட்டிவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினோம். முதல் தடவை அவள் பக்கம் சாய்ந்தது. இரண்டாம் தடவை நின்றது. கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தோம், திரும்பினோம், மறுபடி நடந்தோம். இதுவரை தன்னைப் பட்டியலில் மட்டுமே ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்த மனிதர், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். காதுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கியது.

"நெஜமா ஊதினா நானு இங்கதான் வருவேன்" என்றாள் அக்கா. "எனக்கும் சேத்து துண்ட நனச்சு வெய்யி." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், தாழை நீக்கினாள், கூடையைத் தலையில் ஏற்றினாள்.

வாசலுக்கு எதிரே வெளியூர்க் கார் ஒன்று நின்றிருந்தது. அதிலிருந்த ஆள், புகைபோக்கியைக் காட்டி ஏதோ கேட்டான். அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார். பயப்படாம வாங்கு."