ஜெபத்தில் திட்டுகிறவர்

“பரம பிதாவே, பால் காயும்போது போனைப் பார்க்காதிருக்கிற விழிப்பை இந்த வீட்டிலுள்ளவர்களுக்குத் தாரும்” என்று கண்ணாடிக்காரர் உருகிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி ஒரு கண்ணைத் திறந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். பொங்கிய பாலைக் காலையிலேயே துடைத்தாகிவிட்டது. இருந்தாலும் ஒரு சந்தேகம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில், வில்லையைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவர் வேலை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். மனிதர்களிடமும் அதே பார்வைதான்.

ஒருகாலத்தில் முன்கோபி. பேரம் பேசிய ஒருவரின் கண் முன்னாலேயே ஃப்ரேமைச் சுவரில் வீசி, வேலை போகாமல் தப்பித்தது பெரும்பாடு. அந்த வாரமே கோவிலில் முழங்காலிட்டு, இனிமேல் கோபத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று பொருத்தனை பண்ணினார். பன்னிரண்டு வருடமாக அதை மீறவில்லை. அன்பு, பொறுமை என்று கனி கொடுக்கிற வாழ்க்கையைப் பற்றிப் போதகர் பிரசங்கித்தால், “நீடிய பொறுமை நமக்குக் கிடைச்சிடுச்சு, ஸ்தோத்திரம்” என்று பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்வார். வாயைக் கட்டியது உண்மைதான். திட்டெல்லாம் ஜெபத்துக்குள் குடியேறிவிட்டதைத்தான், பாவம், கவனிக்கவில்லை.

கடையில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் ஜெபம் உண்டு. “பவரைத் தப்பாக எழுதுகிற கைகளையும் ஆசீர்வதியும்” என்பார். கண் பரிசோதிக்கிற பெண் டிபன் மூடியை டப்பென்று வைப்பாள்.

“சார், என்கிட்டயே சொல்லிடுங்களேன். ஆண்டவரா வந்து திருத்தி எழுதப் போறாரு?”

“ஐயையோ, நான் உன்னை ஒண்ணுமே சொல்லலியேம்மா!”

சத்தியமாக அப்படித்தான் நினைக்கிறார்.

இரண்டு மாதத்துக்கு முன் மகள் கணவன் வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தாரே தவிர, அவர் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் பழைய கோபம் வெளியே வந்துவிடுமோ என்று பயம். அதற்குப் பதிலாகத் தினமும் மாலை ஏழு மணிக்கு, குடும்ப ஜெபத்தில், “விட்டு வந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிற தாழ்மையை என் பிள்ளைக்குத் தாரும்” என்று மன்றாடினார். அவளும் தினமும் ஆமென் சொன்னாள். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள்.

நேற்று அந்த ஆமென் வரவில்லை.

“ஏன் வந்தேன்னு நீங்க ஒரு நாள்கூடக் கேக்கலியேப்பா” என்றாள். “ஆண்டவர்கிட்ட மட்டும் டெய்லி சொல்றீங்க. அவருக்கு எல்லாம் தெரியும். உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது.”

“ஜெப நேரத்துல என்னடி பேச்சு?” என்று அம்மா அதட்டினாள்.

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. முதலில் வந்தது கோபம்தான். அதற்கும் ஒரு ஜெபம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஆனால் மகளின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தார். ஒரே வீட்டில் இரண்டு மாதம். மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற மனிதர், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு வருடப் பொறுமையும் யாருக்கும் உதவாமல் காய்ந்து கிடப்பதுபோல் தோன்றியது.

“அவ பேசட்டும்” என்றார் மனைவியிடம். பிறகு மகளிடம், “அங்க என்னம்மா நடந்துச்சு?” என்றார்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கடைசியில் மிகவும் தணிந்த குரலில் ஏதோ ஆரம்பித்தாள். மின்விசிறியின் கடகடப்பில் ஒன்றும் விளங்கவில்லை.

கண்ணாடிக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் விசிறியை நிறுத்தினார். திரும்பி வந்து, அவளுக்கு நேர் எதிரே, மிக அருகில் உட்கார்ந்தார்.