பச்சைத் தாள் ஒட்டாத கேட்

"தம்பி, மனுஷனுக்கு பயம் பெருசா, வெக்கம் பெருசா?"

எங்கள் வீட்டு கேட்டில் பச்சைத் தாளை ஒட்டி, உள்ளங்கையால் நீவிக்கொண்டே அத்தாவுல்லா கேட்டார்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் பகுதிக்கு அவர்தான் வீட்டு வரி வசூலிக்கும் பில் கலெக்டர். குடியிருப்பதும் எங்கள் தெருவின் கடைசி வீட்டில்தான். வெள்ளை அரைக்கைச் சட்டை. மொபெட்டின் கைப்பிடியில் தொங்கும் பசை டப்பா. எந்த வீட்டிலும் மணியை அழுத்த மாட்டார். "மணி அடிச்சா கடன்காரன் வந்த மாதிரி இருக்கும்" என்பார். கேட்டருகே நின்று இருமுவார்.

வீட்டு வரி கட்டாதவர்களுக்கு முன்பெல்லாம் ஜப்தி நோட்டீஸ் வரும். யாரும் அசைய மாட்டார்கள். 2006இல் அவர் வழியை மாற்றினார். வரி கட்டிய வீட்டு கேட்டில் 'வரி செலுத்திய இல்லம்' என்று பச்சைத் தாள். கட்டாதவர்களிடம் கோபமில்லாமல் ஒரே பேச்சு: "பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் கட்டியாச்சு சார்." வருஷக்கணக்கில் நோட்டீஸைக் கிழித்துப்போட்ட துரைராஜ் சார்கூட மறுநாளே போய்க் கட்டினார்.

"இன்னா சார், இம்மாம் சீக்கிரம்?" அத்தாவுல்லா கேட்டார்.

"எதிர் வீட்டு கேட்டைப் பார்த்துக்கிட்டே எப்படிய்யா காபி குடிக்கிறது?"

பிப்ரவரியில் ஒரு கேட் மட்டும் வெறுமையாக நின்றது. கணவர் இறந்தபின் இட்லி மாவு விற்றுப் பிழைக்கும் தையல்நாயகி அக்காவின் கேட். தெருப் பிள்ளைகள் அதைக் 'கட்டாத வூடு' என்றார்கள். அப்புறம் மளிகைக் கடைக்காரரும் அரிசி கடன் தருவதை நிறுத்திவிட்டார். அரிசி இல்லாமல் மாவு ஏது, மாவு இல்லாமல் வரி ஏது?

அத்தாவுல்லா அங்கே போய் இருமியதும் அக்கா வெளியே வந்தார்.

"ஜப்தின்னு மிரட்டியிருந்தா தாங்கியிருப்பேன் சார். அது எனக்கும் உங்க ஆபீசுக்கும் நடுவுல. இப்ப கடைக்காரன் என் கேட்டைப் பார்த்துட்டு அரிசி இல்லன்றான். வூட்ல குண்டான் காலியா கீது."

"உங்களை நான் ஒண்ணுமே பண்ணலியேம்மா. கட்டினவங்களுக்குத்தானே ஒட்டினேன்?"

"அதான் சார். எல்லாருக்கும் ஒட்டி, என்னைத் தனியா காட்டிட்டீங்க."

மொபெட்டைத் தள்ளிக்கொண்டே நடந்து போனார்.

படிப்பவர்களே, இதை உங்கள் தெருவிலும் சொல்லுங்கள். தெருவே வரி கட்டிய கதையோடு நிறுத்திவிடாதீர்கள். மறுநாள் காலை நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாளித் தண்ணீரோடு அத்தாவுல்லா தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தன் வீட்டு கேட்டில் இருந்த பச்சைத் தாளை நனைத்து, மொபெட் சாவியால் சுரண்டத் தொடங்கினார்.