மேட்டுக்கொல்லையின் ரசம்

ஐம்பதுகளின் நடுவில், கல்லூரியில் தமிழிலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு மைசூர் எல்லையோரம் ஜூஜுவாடியிலிருந்த சித்தி வீட்டுக்குச் சென்றேன். அங்கே ஒரு திராட்சைக் கொல்லையின் ஆயுள் என் நாக்கில் வந்து நின்றது.

சித்திக்கு இரண்டு கொடித் தோட்டங்கள். ஏரிக்கரைத் தோட்டம் வாரி வழங்கியது. சரளை மண்டிய மேட்டுக்கொல்லை அதில் பாதிகூடத் தரவில்லை. இரண்டையும் அவர் ஒரே முறையில் வளர்த்தார். தேய்பிறையில்தான் கொடிகளைக் கவாத்து வெட்டுவார், கடை உரத்துக்கு இடமில்லை. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைப்பார். மாதக்கணக்கில் கிடந்தபின் தோண்டி எடுத்து, நீரில் கலக்கித் தெளிப்பார். பெங்களூரில் அவருக்குத் தையல் பழக்கிய ஜெர்மானிய அம்மாள் சொல்லிக்கொடுத்தது அது. கொம்பு மண்ணுக்குள் இருந்த நாள்களில், ஏதோ செய்வினை என்று அஞ்சி ஊரார் எங்கள் வரப்பைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்கள்.

மேட்டுக்கொல்லைக் கொடிகளைப் பிடுங்கிக் கேழ்வரகு விதைக்கச் சித்தப்பா ஏர்க்காரரிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த மண்ணின் ருசி வேறெங்கும் வராது என்பது சித்தியின் கட்சி.

"அப்படி என்ன ருசின்னு பாப்பாவையே சொல்லச் சொல்லு. அது பொய் பேசாது. பேர் சொல்லிட்டா கொடி இருக்கட்டும்" என்றார் சித்தப்பா, என்னைக் காட்டி.

எங்கள் பக்கம் மதுவிலக்கு. ஆகவே சித்தி, வண்டிப்பாதைக்கு அப்பால் மைசூர் ராஜ்யத்திலிருந்த தம் அண்ணனின் கொட்டகையில் இரண்டு தோட்டத்துப் பழங்களையும் தனித்தனி ஜாடிகளில் நொதிக்க வைத்திருந்தார். மூவரும் அங்கே சென்றோம். எது எந்தத் தோட்டத்தினுடையது என்று கூறாமல், இரண்டு தம்ளர்களை என்முன் வைத்தார்.

"வாயில வச்சிருந்துட்டுத் துப்பிடு, பாப்பா."

பெரியவர்கள் முன்னிலையில் துப்புவது எனக்கு முறையாகப் படவில்லை. விழுங்கினேன். ஐயம் தீர மறுபடியும் விழுங்கினேன். முதல் தம்ளரில் வெல்லப்பாகின் இனிமை. இரண்டாவதிலோ முதல் மழை விழுந்த சரளையை நாவால் தொட்டதுபோல் ஒரு குளிர்ச்சி! அதன் பெயர் உடனே மனத்தில் தோன்றியது. அத்துணைத் துல்லியமாக நான் எதையும் அறிந்ததில்லை. கொட்டகைக் கூரை மெல்லச் சுழலத் தொடங்கியிருந்தது.

"ரெண்டாவது என்ன ருசி?" என்றார் சித்தப்பா.

"கள்ளு" என்றேன்.

"கள்ளா!" அவர் தொடையில் தட்டினார். "கேட்டுக்கிட்டியாடி? இதுக்குப் பனமரம் போதாதா?"

சித்தியின் முகம் வாடியது. நான் சொல்ல நினைத்தது 'கல்லு'. லகரத்தையும் ளகரத்தையும் பிரித்து ஒலிப்பதில் வகுப்பில் முதலாவதாக நின்ற என் நாக்கு, மேலண்ணத்தை விட்டு இறங்க மறுத்தது.

"இல்லை சித்தப்பா. கள்ளு. தரையில் கிடக்குமே, அந்தக் கள்ளு!"

"காலேஜுன்னா கல்லூரின்னு சொல்லணும்னு எத்தனை தடவை என்னைத் திருத்தியிருப்ப? இப்பத்தான் புரியுது. அது கள்ளூரி!"

சிரிப்புப் பீறிட்டது, எனக்குத்தான். சிரித்தபடியே வெளியே ஓடினேன்.

"அந்தப் பக்கம் போவாத! இந்த வாடையோட போலீஸ்கிட்ட மாட்டினா என்ன சொல்றது?" என்று சித்தப்பா கத்தினார்.

அதற்குள் சென்னை ராஜ்யத்தில் இருந்தேன். வண்டிப்பாதை இருமுறை இடம் மாறியது. ஆயினும் மேட்டுக்கொல்லையை அடைந்து, கொடியின் வேரருகே கிடந்த கைகொள்ளாத கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

"எல்லைக்கல்லையா பேத்துட்டு வந்த?" என்றார் சித்தப்பா.

பதில் சொல்ல நாக்கை நம்பவில்லை. கல்லின்மீது தண்ணீரை ஊற்றி, அவர் மூக்கருகே நீட்டி, இரண்டாம் தம்ளரைச் சுட்டினேன். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். மீண்டும் முகர்ந்தார்.

"அட, கல்லு!" என்றார் மெதுவாக.

"அது மேட்டுக்கொல்லைப் பழம்" என்ற சித்தி, தம்ளரைக் கையால் மூடிக்கொண்டார். "கொடியைப் பிடுங்கறவங்களுக்கு இதுல பங்கில்ல."

"யாரு பிடுங்கறா? ஏர்க்காரனை வரவேணாம்னு நானே போயிச் சொல்லிடறேன். ஊத்துடி."